மறுசுழற்சி ஜல்லியும் இழையும்: வெட்டு விசையில் கான்கிரீட் எப்படித் தாக்குப்பிடிக்கிறது

இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டை நொறுக்கிச் சலித்து, அதையே புதுக் கான்கிரீட்டுக்கு ஜல்லியாகப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வரும் எதிர்க்கேள்வி பெரும்பாலும் "கியூப் எவ்வளவு வருகிறது?" என்பதுதான். கனசதுரத்தை 28ஆம் நாள் எந்திரத்தில் வைத்து நசுக்குகிறார்கள். வேண்டிய எண் வந்துவிட்டால் ஜல்லி தேறிவிட்டது. தூணுக்கு இந்தக் கேள்வி பெருமளவு பொருந்தும். உத்திரத்துக்கும் கனத்த தளத்துக்கும் இது மட்டும் போதாது. அங்கே அதிகம் பயப்பட வேண்டிய உடைவு வெட்டு விசையால் வருவது. வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் ஷியர் என்று சொல்வார்களே, அதுதான்: உறுப்பின் ஒரு பகுதியைப் பக்கத்துப் பகுதியின் மேல் வழுக்கி நகர்த்தப் பார்க்கும் விசை. அந்த உடைவை எது தடுத்து நிறுத்துகிறது என்பதைக் கியூப் பரிசோதனை பார்ப்பதே இல்லை.

வளைவில் தோற்கும் உத்திரம் அவகாசம் தரும். அடிப்பகுதியில் செங்குத்தாக விரிசல்கள் விழும், கம்பி இளகி நீளும், உத்திரம் கண்ணுக்குத் தெரியத் தொய்யும். கீழே இருப்பவர்கள் விலகிக்கொள்ள நேரம் இருக்கும். வெட்டு விசையில் தோற்கும் உத்திரத்தில் தாங்கு இடத்துக்கும் சுமைக்கும் நடுவே சாய்வாக ஒரு விரிசல் எழுகிறது. நீளக் கம்பிகளைச் சுற்றி வளையமாகக் கட்டும் ரிங் கம்பி இல்லாத உத்திரமாக இருந்தால், அந்த விரிசல் தோன்றுவதற்கும் உத்திரம் இரண்டாகப் பிரிவதற்கும் நடுவே சில நொடிகள்கூட இல்லாமல் போகலாம். பரிசோதனைக்கூடத்தில் இதை ஒருமுறை பார்த்தவர்கள் அந்தச் சத்தத்தை மறக்கமாட்டார்கள்.

1955இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஷெல்பி என்ற ஊரில் இருந்த விமானப்படைக் கிடங்கின் கூரை இப்படித்தான் விழுந்தது. உத்திரங்கள் 914 மி.மீ. ஆழம் கொண்டவை. உடைந்த இடத்தில் ரிங் கம்பி இல்லை. சுமார் 0.5 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மி.மீ.க்கு அரை நியூட்டன்) வெட்டுத் தகைவிலேயே, அதாவது பரப்பளவால் வகுத்த வெட்டு விசையிலேயே, அவை முறிந்துவிட்டன. அன்றைய விதிமுறை அனுமதித்த அளவோ 0.62 மெகாபாஸ்கல். பிறகு அதே உத்திரத்தை மூன்றில் ஒரு பங்கு அளவில் செய்து சோதித்தபோது, அது ஏறக்குறைய இரண்டு மடங்கு தகைவைத் தாங்கியது. கான்கிரீட் சுருங்க முயன்று, சுருங்க முடியாமல் உள்ளுக்குள் இழுபட்டதுதான் காரணம் என்று அப்போது விளக்கினார்கள். ஆழம் கூடக்கூட வெட்டு வலிமை குறைகிறது என்பது பின்னர்தான் தெளிவானது. இந்த இரண்டு காரணங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுசுழற்சி ஜல்லியின் கதையில் இரண்டும் திரும்ப வரும்.

சரி, சாய்வு விரிசல் விழுந்த பிறகும் ஓர் உத்திரம் எப்படி நிற்கிறது? விரிசல் இன்னும் எட்டாத மேற்பகுதி கொஞ்சம் தாங்குகிறது. விரிசலைக் குறுக்கே கடக்கும் கீழ்க்கம்பி, ஆணி மாதிரி நின்று கொஞ்சம் தாங்குகிறது. சுமை தாங்கு இடத்துக்கு அருகில் இருந்தால், கான்கிரீட் ஆர்ச் போல அதை நேராகத் தாங்கு இடத்துக்கு இறக்கிவிடுகிறது. இவற்றோடு, விரிசலின் இரண்டு முகங்களும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ரிங் இல்லாத மெலிந்த உத்திரத்தில் இந்தக் கவ்வல்தான் பெரும்பங்கு. இதை ஜல்லிப் பிடிப்பு என்று சொல்லலாம். சாதாரணக் கான்கிரீட்டில் ஜல்லி, சுற்றியுள்ள சாந்தைவிட உறுதியானது. அதனால் விரிசல் கல்லை உடைக்காமல் சுற்றி வளைந்து போகிறது. ஒரு முகத்தில் கல் துருத்தி நிற்கும், எதிர்முகத்தில் அது இருந்த குழி இருக்கும். இரண்டு முகங்களும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும்போது கற்கள் முட்டிக்கொண்டு நிறுத்துகின்றன.

இனி ஒரு மறுசுழற்சி ஜல்லியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அது ஒரே கல் இல்லை. நடுவே பழைய கருங்கல்லோ கூழாங்கல்லோ இருக்கும். அதன் ஒரு பக்கத்திலோ சுற்றிலுமோ பழைய சாந்து சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் கல் அசையாது, சாந்திலிருந்து பொடி உதிரும். தண்ணீரில் போட்டால் சாந்துப் பக்கத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருக்கும். புதுக் கருங்கல் ஜல்லி தன் எடையில் ஒன்று இரண்டு சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பது அரிது. மறுசுழற்சி ஜல்லி 3 முதல் 10 சதவீதம் வரை குடிக்கும். நொறுக்கும்போது விழுந்த நுண்விரிசல்களும் அந்தச் சாந்துக்குள் இருக்கும். சிறிய துண்டுகளில் சாந்தின் பங்கு இன்னும் அதிகம்.

இந்த ஜல்லியில் செய்த உருளையைப் பக்கவாட்டில் அழுத்திப் பிளந்து, உடைந்த முகத்தைப் பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும். சாதாரணக் கான்கிரீட்டின் முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். மறுசுழற்சி ஜல்லிக் கான்கிரீட்டின் முகத்தில் இரண்டு விதச் சாம்பல் நிறம் தெரியும், ஒன்று புதுச் சாந்து, இன்னொன்று பழையது. பழைய சாந்துத் திட்டுகள் பல நடுவிலேயே அறுபட்டுச் சமமாகக் கிடக்கும். விரிசல் அந்தக் கல்லைச் சுற்றிப் போகாமல், பழைய சாந்துக்குள் புகுந்து குறுக்குவழியில் போயிருக்கிறது என்று அர்த்தம். முகம் மழமழப்பாகிவிட்டால் கவ்வுவதற்குப் பிடி குறையும். கியூப் வலிமை ஐந்து சதவீதம்கூட மாறாத கலவையிலும் இது நடக்கலாம். சிமெண்டைக் கொஞ்சம் கூட்டியோ தண்ணீரைக் குறைத்தோ கியூப் எண்ணை ஈடுகட்டிவிட முடியும். ஆனால் பழைய சாந்தின் பலம் இதனால் மாறிவிடாது.

இதை எண்ணில் பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. நெதர்லாந்தில் வால்ராவன் என்ற ஆய்வாளர் செய்த விரிசல் சோதனைகளை வைத்து, டொராண்டோவில் ஆய்வாளர்கள் வெக்கியோவும் காலின்ஸும் 1986இல் வெளியிட்ட கோட்பாட்டில் ஓர் எளிய சூத்திரம் வருகிறது. விரிசல் முகம் கடத்தக்கூடிய வெட்டுத் தகைவுக்கு அது மூன்றையே கேட்கிறது: கான்கிரீட்டின் அமுக்க வலிமை, ஜல்லியின் அளவு, விரிசலின் அகலம். 30 மெகாபாஸ்கல் கான்கிரீட், 20 மி.மீ. ஜல்லி, அரை மி.மீ. அகல விரிசல் என்று போட்டால் 1.53 மெகாபாஸ்கல் வருகிறது. இப்போது விரிசல் எல்லாக் கல்லையும் அறுத்துக்கொண்டு போவதாக, மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம். அதற்கு ஜல்லி அளவைப் பூஜ்ஜியமாக வைக்க வேண்டும். மிக உயர்ந்த வலிமைக் கான்கிரீட்டில் விரிசல் கல்லையே பிளந்துவிடுவதால் அங்கேயும் இப்படித்தான் வைக்கிறார்கள். அதே அரை மி.மீ. விரிசலுக்கு 0.93 மெகாபாஸ்கல்தான் மிஞ்சுகிறது, ஏறக்குறைய நாற்பது சதவீதம் போய்விட்டது. ஜல்லி அளவைப் பூஜ்ஜியத்திலேயே விட்டு, விரிசல் அகலத்தை மட்டும் 0.2 மி.மீ. ஆக்கிப் பாருங்கள். விடை 1.62 மெகாபாஸ்கல். இழந்தது முழுக்கத் திரும்பிவிட்டது.

உண்மையான மறுசுழற்சிக் கான்கிரீட் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். ஆனாலும் இந்தக் கணக்கு ஒன்றைச் சொல்கிறது. முகம் மழமழப்பாகிவிட்டாலும், விரிசலை ஒடுக்கமாகப் பிடித்து வைத்துவிட்டால் பெரிய நட்டமில்லை. கான்கிரீட்டில் விரிசலை ஒடுக்கமாகப் பிடித்து வைப்பதற்கென்றே இருக்கும் பொருள் இழை, அதாவது கலவையோடு சேர்த்துக் கலக்கும் சின்ன மெல்லிய துண்டுகள். மறுசுழற்சி ஜல்லியையும் இழையையும் சேர்ப்பதை, பலவீனமான கலவைக்கு ஏதோ ஒரு பலத்தைக் கூட்டுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது மேலோட்டமாகப் படுகிறது. ஜல்லி எந்த இடத்தில் குறைவைக்கிறதோ, இழை சரியாக அதே இடத்தில் வேலை செய்கிறது. இந்தப் பொருத்தம்தான் இந்தக் கலவையை நம்பி ஆராயத் தகுந்ததாக்குகிறது.

இழையின் வேலையையும் கிட்டத்தில் பார்ப்போம். அதிகம் புழங்குவது இரண்டு முனையும் கொக்கி போல் மடித்த எஃகு இழை. 60 மி.மீ. நீளம், 0.9 மி.மீ. தடிமன் என்று ஒன்றை எடுத்துக்கொண்டால், ஒரு கிலோவில் மூவாயிரத்துக்கும் மேல் இருக்கும். கன அளவில் அரை சதவீதம் போட வேண்டுமென்றால் கனமீட்டருக்குச் சுமார் 39 கிலோ, அதாவது ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பதாயிரம் இழைகள். எந்தத் திசையில் வேண்டுமானாலும் கிடக்கலாம் என்று வைத்துக் கணக்கிட்டால், பத்துக்குப் பத்து செ.மீ. விரிசல் பரப்பைச் சுமார் நாற்பது இழைகள் கடக்கும். ரிங் கம்பிகளுக்கு நடுவே 150, 200 மி.மீ. இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் விரிசலைத் தைப்பதற்கு வேறெதுவும் இல்லை. இழையோ விரிசல் எங்கே திறந்தாலும் அங்கே இருக்கும்.

விரிசல் திறக்கத் தொடங்கியதும் இழை இழுபடுகிறது. நல்ல வடிவமைப்பில் இழை அறுந்துபோகாது. கொக்கி மெல்ல நிமிர்ந்து, சாந்துக்குள்ளிருந்து அரைமில்லி, ஒரு மில்லி என்று உருவிக்கொண்டு வரும். ஒவ்வொரு கொக்கியும் நிமிர வேலை கேட்கிறது, உராய்வும் வேலை கேட்கிறது. இந்த வேலையெல்லாம் சேர்ந்துதான் திடீர் உடைவை மெதுவான உடைவாக மாற்றுகிறது. மறுசுழற்சி ஜல்லிக்கு இங்கே ஒரு சாதகம் இருக்கிறது. இழை பெரும்பாலும் புதுச் சாந்துக்குள்தான் பதிந்திருக்கிறது. பழைய சாந்தின் பலவீனம் அதன் பிடியை நேரடியாகத் தொடுவதில்லை. புதுச் சாந்து நன்றாக அமைந்தால் இழையின் பங்கு பெரிதாகக் குறையாது.

ஆனால் புதுச் சாந்து நன்றாக அமைவதில்தான் சிக்கலே. ஒரு கனமீட்டரில் ஆயிரம் கிலோ மறுசுழற்சி ஜல்லி போகிறது, அது ஐந்து சதவீதம் தண்ணீர் குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த ஜல்லியை அப்படியே கொட்டினால் ஐம்பது லிட்டர் வரை அதற்குள் போய்விடும். மொத்தக் கலவைத் தண்ணீரே 170, 180 லிட்டர்தான். அதில் பெரும்பகுதியை முதல் சில நிமிடங்களிலேயே ஜல்லி குடித்துவிடும். லாரியில் ஏறும்போது இளகியிருந்த கலவை, இறங்கும்போது விறைத்துப் போகும். இழையும் தன் பங்குக்குக் கலவையை விறைப்பாக்குகிறது. இந்த நேரத்தில் யாராவது குழாயைத் திறந்து தண்ணீர் சேர்த்தால், புதுச் சாந்து கெட்டு இழையின் பிடியும் தளர்ந்துவிடும். ஜல்லியை முன்கூட்டியே நனைத்து, மேற்பரப்பு உலர்ந்த நிலைக்குக் கொண்டுவந்து போடுவதுதான் இதற்கு முதல் மருந்து. தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றிக் கலக்கும் முறையும் உண்டு. முதல் பாதித் தண்ணீரில் உருவாகும் கெட்டியான சிமெண்ட் பசை, பழைய சாந்தின் துளைகளையும் விரிசல்களையும் அடைத்துவிடும். அப்புறம் மீதித் தண்ணீர். செலவில்லாத வழி, ஒழுங்காகச் செய்தால் பலன் தெரியும். இழையை ஒரேயடியாகக் கொட்டினால் பந்து பந்தாகச் சுருண்டுவிடும். அந்தப் பந்துக்குள் சாந்து போகாது, பந்தைச் சுற்றியுள்ள இடத்தில் இழை இருக்காது.

சோதனை முடிவுகள் என்ன சொல்கின்றன? ஜல்லியில் முப்பது சதவீதம் வரை மாற்றினால் வரும் வித்தியாசம், வெட்டுச் சோதனைகளில் இயல்பாக இருக்கும் சிதறலுக்குள் கரைந்துவிடுகிறது. நூறு சதவீதமும் மாற்றும்போது பத்து, இருபது சதவீதம் வலிமை குறைவதைப் பல சோதனைகளில் காண முடிகிறது. குறையவே இல்லை என்ற முடிவுகளும் உண்டு. ரிங் கம்பி உள்ள உத்திரங்களில் வித்தியாசம் சுருங்குகிறது. இழை அரை சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம் வரை சேரும்போது இழப்பு ஈடாகி, அதற்கு மேலும் வலிமை ஏறுவது வழக்கமாகக் காணப்படுகிறது.

முடிவுகள் இப்படிச் சிதறுவதற்கு ஒரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. சுமை தாங்கு இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை உத்திரத்தின் ஆழத்தால் வகுத்தால் வரும் விகிதம் அது. கானி என்ற ஆய்வாளர் 1960களில் டொராண்டோவில் வரிசையாக உத்திரங்களை உடைத்துப் பார்த்து, இந்த விகிதம் இரண்டரையை ஒட்டி இருக்கும்போதுதான் உத்திரம் தன் வளைவு வலிமையை எட்டாமல் மிகவும் சீக்கிரம் வெட்டில் தோற்கிறது என்று காட்டினார். விகிதம் ஒன்று, ஒன்றரை என்று குறைந்தால் சுமை ஆர்ச்சில் இறங்குவது போல நேராகத் தாங்கு இடத்துக்கு இறங்கிவிடும். அங்கே ஜல்லிப் பிடிப்புக்கு வேலை குறைவு, அமுக்க வலிமைதான் பேசும். அப்படிச் சோதித்தவர் மறுசுழற்சி ஜல்லியால் ஒரு பாதிப்பும் இல்லை என்பார். இரண்டரைக்கு மேல் சோதித்தவர் இருக்கிறது என்பார். இரண்டு பேரும் சரிதான்.

வடிவமைப்பு விதிகளுக்கு வருவோம். ஐரோப்பிய விதிமுறையில், ரிங் இல்லாத உத்திரத்தின் வெட்டு வலிமைக்கான பழகிய சூத்திரம் 0.18 என்ற குணகத்தில் தொடங்கும். இயற்கை ஜல்லி உத்திரங்களை உடைத்து, அந்த முடிவுகளோடு பொருத்தி எடுத்த எண் இது. ஜல்லிப் பிடிப்பு அந்த எண்ணுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மறுசுழற்சிக் கான்கிரீட்டின் கியூப் எண்ணை மட்டும் மாற்றி அதே சூத்திரத்தில் போட்டால், அங்கே இல்லாத ஒரு பிடிப்பையும் நாம் சேர்த்து எண்ணிவிடுகிறோம்.

எஃப்ஐபி என்ற சர்வதேசக் கான்கிரீட் கூட்டமைப்பின் மாதிரி விதிமுறையான மாடல் கோடு 2010 இதே சூத்திரத்துக்குள் இழையைச் சேர்க்கிறது. விரிசல் விழுந்த பிறகு இழை தாங்கும் எஞ்சிய இழுவிசை வலிமையை, வெறும் கான்கிரீட்டின் இழுவிசை வலிமையால் வகுத்து, ஏழரையால் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, அதன் கனமூலத்தை எடுக்கிறது. எஞ்சிய வலிமை 1 மெகாபாஸ்கல், கான்கிரீட்டின் இழுவிசை வலிமை 2 மெகாபாஸ்கல் என்றால் பெருக்கம் 1.68. ரிங் இல்லாமல் 76 கிலோநியூட்டன் தாங்கக்கூடிய 200 மி.மீ. அகல, 400 மி.மீ. ஆழ உத்திரம் 128 வரை போகும். பாதுகாப்புக் காரணிகள் சேர்க்காத கணக்கு இது.

இந்தச் சூத்திரத்தில் மறுசுழற்சி ஜல்லிக்கு ஒரு பொறி இருக்கிறது. கான்கிரீட்டின் இழுவிசை வலிமை வகுக்கும் இடத்தில் நிற்கிறது. மறுசுழற்சி ஜல்லியால் அது 2இலிருந்து 1.7 ஆகக் குறைந்தால், இழையின் பெருக்கம் கூடிவிடும். இழையின் எஞ்சிய வலிமையை இயற்கை ஜல்லிக் கலவையில் அளந்த அறிக்கையிலிருந்து எடுத்து, இழுவிசை வலிமையை மட்டும் மறுசுழற்சிக் கலவைக்கு மாற்றிப் போட்டால், கான்கிரீட் பலவீனமானதற்காக இழைக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும். இரண்டு எண்ணும் ஒரே கலவையிலிருந்துதான் வர வேண்டும்.

அமெரிக்காவின் ஏசிஐ 318 விதிமுறை, 2008ஆம் ஆண்டுப் பதிப்பில், குறைந்தபட்ச ரிங் கம்பிக்குப் பதிலாக எஃகு இழையை அனுமதித்தது. கனமீட்டருக்குச் சுமார் 60 கிலோ இழை இருக்க வேண்டும், உத்திரம் 600 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகக்கூடாது, கான்கிரீட் சுமார் 40 மெகாபாஸ்கலைத் தாண்டக்கூடாது. சோதனைக்கு வார்த்த சிறிய கான்கிரீட் சட்டம் (குட்டி உத்திரம்) நீளத்தில் முந்நூறில் ஒரு பங்கு தொய்ந்த பிறகும், முதல் விரிசல் வலிமையில் தொண்ணூறு சதவீதம் மிஞ்ச வேண்டும். இந்தியாவின் ஜல்லித் தரநிலையான ஐஎஸ் 383, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில், கம்பி போட்ட கான்கிரீட்டில் மறுசுழற்சி கான்கிரீட் ஜல்லியை இருபது சதவீதம் வரை, எம்25 தரம் (கியூப் வலிமை 25 மெகாபாஸ்கல்) வரைக்கும்தான் ஏற்கிறது. 2023இல் வந்த புதிய ஐரோப்பிய விதிமுறையில் எஃகு இழைக்கு ஒரு பிற்சேர்க்கை, மறுசுழற்சி ஜல்லிக்கு இன்னொன்று. இரண்டும் தனித்தனி. இரண்டும் ஒரே கலவையில் சேரும்போது நடப்பதற்குத் தனி விதி வேண்டும் என்பது என் எண்ணம். ஒன்றின் குறையை மற்றொன்று ஒரே விரிசலில் ஈடுசெய்வதைத் தனித்தனிக் காரணிகளால் பிடிக்க முடியாது.

ஆழத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பரிசோதனைக்கூட உத்திரங்கள் பெரும்பாலும் 200, 300 மி.மீ. ஆழம் கொண்டவை. ஆழம் கூடும்போது சாய்வு விரிசல்களுக்கு இடையிலான தூரமும் கூடுகிறது, அதனால் ஒவ்வொரு விரிசலும் அகலமாகிறது. விரிசல் அகலமானால் ஜல்லிப் பிடிப்பு தளர்கிறது. மேலே போட்ட கணக்கில் விரிசல் அகலம்தான் எல்லாவற்றையும் ஆட்டிவைத்தது. அப்படியென்றால் மறுசுழற்சி ஜல்லியின் குறை சின்ன உத்திரத்தில் தெரியும் அளவைவிடப் பெரிய உத்திரத்தில் கூடுதலாகத் தெரியலாம். ஷெல்பி உத்திரங்களின் சின்ன மாதிரிகள் இரண்டு மடங்கு தாங்கியதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். கனடாவின் லாவல் நகரில், 2006 செப்டம்பர் 30 அன்று டி லா கோன்கோர்ட் மேம்பாலம் வெட்டு விசையில் இடிந்து ஐந்து பேர் உயிரிழந்தார்கள். கனத்த தளம், அதற்குள் வெட்டு விசைக்கான கம்பி இல்லை. மறுசுழற்சி ஜல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கனமான, ரிங் இல்லாத உறுப்பில் கான்கிரீட்டை மட்டும் நம்புவது எப்படி முடியக்கூடும் என்பதற்கு அது சாட்சி. அப்படிப்பட்ட உறுப்பில் முழு மறுசுழற்சி ஜல்லியை, 300 மி.மீ. உத்திரச் சோதனையை மட்டும் வைத்து, நான் ஏற்கமாட்டேன்.

ஷெல்பியின் இன்னொரு காரணம் சுருக்கம். பழைய சாந்து சேர்ந்த கான்கிரீட் உலரும்போது அதிகம் சுருங்குகிறது, நீண்டகாலச் சுமையிலும் அதிகம் இளகிக் கொடுக்கிறது. இரண்டு முனையும் இறுகப் பிடிபட்ட உத்திரத்தில் அந்தச் சுருக்கம் இழுவிசையாக மாறி, சுமை வருவதற்கு முன்பே விரிசலைத் திறந்து வைத்துவிடும். பரிசோதனைக்கூடத்து உத்திரம் தாராளமாக நகரக்கூடிய தாங்கிகளில் கிடப்பதால், இந்தப் பாதிப்பு அங்கே தலைகாட்டாது. எஃகு இழை சுருக்க விரிசலையும் ஒடுக்கமாக வைக்கும். பாலிப்ரொப்பிலீன் போன்ற செயற்கை இழைகளைத் தேர்ந்தெடுத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துருப்பிடிக்காது, எடை குறைவு, ஆனால் தொடர்ந்து இழுபட்டுக்கொண்டே இருந்தால் அந்த இழையும் மெல்ல நீளும். ஏற்கெனவே அதிகம் இளகும் கான்கிரீட்டில், விரிசலைப் பிடிக்கும் இழையும் இளகினால், முதல் நாள் 0.2 மி.மீ. இருந்த விரிசல் சில ஆண்டுகளில் எவ்வளவு இருக்கும் என்பதைச் சில நிமிடங்களில் உடைத்து முடிக்கும் சோதனை காட்டாது.

அதனால் இப்படிப்பட்ட கலவையோடு யாராவது வந்தால், கியூப் அறிக்கையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு நான் கேட்பது வேறு சில தாள்கள். ஜல்லி எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது, அதில் பழைய சாந்து எவ்வளவு என்ற கணக்கு. அதே ஜல்லி, அதே இழை, அதே கலவை எந்திரம் என்று வார்த்து, அடியில் 25 மி.மீ. வெட்டுப்போட்டுச் சோதித்த சட்டங்களின் முடிவு, விரிசல் வாய் அரை மி.மீ. திறந்தபோதும் இரண்டரை மி.மீ. திறந்தபோதும் எவ்வளவு தாங்கின என்ற எண்களோடு. முடிந்தால், உடைந்த அந்தச் சட்டங்களில் ஒன்றையே கொண்டுவரச் சொல்வேன். விரிசலை முழுக்கப் பிரித்துப் பார்த்தால் எத்தனை இழை நிமிர்ந்த கொக்கியோடு நிற்கிறது, எத்தனை அறுந்திருக்கிறது, பழைய சாந்து எங்கெங்கே சமமாக அறுபட்டிருக்கிறது என்பதைக் கண்ணாலேயே எண்ணிவிடலாம்.